மேல்காற்றில் புகை திரும்பாமல் இருக்க: மரக் கணப்புக்குக் குழாயை எந்த வழியாக விடுவது?

ஆனி பிறந்து மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று, எழும்பியதும் ஊட்டி, எமரால்டு, நடுவட்டம் பக்கத்து வீடுகளில் ஒரே புலம்பல் கேட்கும். குளிர்காய விறகு எரிக்கும் கணப்பைப் பற்றவைத்தால் புகை மேலே போகாமல் அறைக்குள்ளேயே திரும்புகிறது என்பார்கள். உடனே வெல்டிங் பட்டறைக்குப் போய்க் குழாயின் தலைக்குப் புதுத் தொப்பி ஒன்று அடித்து வந்து மாட்டுவார்கள். காற்று ஓய்ந்திருக்கும் சில நாள் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். அடுத்த பலத்த காற்றில் பழையபடி கண்ணெரிச்சல், சுவரெல்லாம் கரி.

புதிதாக இரும்புக் கணப்பு வைக்கப் போகிறவர்களும் சரி, பழைய பங்களாவின் கணப்பை மறுபடி எரியவைக்க நினைப்பவர்களும் சரி, முதலில் கேட்பது எந்தத் தொப்பி நல்லது என்றுதான். தொப்பியைப் பற்றிய முடிவு கடைசியில் வர வேண்டியது என்பது என் எண்ணம். குழாய் எந்த வழியாக வெளியேறுகிறது, அதன் முனை எங்கே நிற்கிறது, காற்றடிக்கும்போது வீட்டில் எந்தச் சன்னல் திறந்திருக்கிறது ஆகிய மூன்றும்தான் புகை போகுமா திரும்புமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. இதை நீலகிரி வீடுகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் பெருமளவு பொருந்தும்.

இழுப்பு எவ்வளவு, காற்று எவ்வளவு

சிம்னி இழுக்கிறது என்கிறோமே, அந்த இழுப்பு மிகச் சிறிய விசை. குழாய்க்குள் இருக்கும் சூடான புகை வெளிக்காற்றைவிட எடை குறைந்தது. அந்த எடை வித்தியாசமும் குழாயின் உயரமும் சேர்ந்துதான் இழுப்பு. 5 மீட்டர் உயரக் குழாய், உள்ளே புகை 200 டிகிரி செல்சியஸ், வெளியே 10 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஊட்டியில் சுமார் 19 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) வரும். அதே குழாயைக் கடலோரத்தில் அதே வெப்பநிலையில் நிறுத்தினால் ஏறக்குறைய 25 பாஸ்கல் தரும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு, இழுப்பும் அதே அளவுக்குக் குறைகிறது. வெளிநாட்டுக் கணப்புகளோடு வரும் கையேடுகள் பொதுவாகக் குறைந்தது 15 அடி, அதாவது 4.6 மீட்டர் குழாய் வேண்டும் என்கின்றன. அதே இழுப்பு ஊட்டியில் கிடைக்க 6 மீட்டர் தேவை. கையேட்டை அப்படியே நம்பி 15 அடியோடு நிறுத்தினால் ஆரம்பத்திலேயே பின்தங்கிவிடுகிறோம்.

இப்போது காற்றைப் பாருங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று எதன் மீதாவது மோதி நின்றால் ஊட்டி உயரத்தில் 48 பாஸ்கல் அழுத்தம் உண்டாகும். வீட்டுச் சுவரில் அதில் 30 பாஸ்கல் விழும் என்று கொள்ளலாம். நன்றாக எரியும் கணப்பின் இழுப்பே 19தான். ஆடி மாதத்தில் 36 கிலோமீட்டர் வேகம் ஒன்றும் அதிசயம் இல்லை.

இன்னொரு கணக்கும் முக்கியம். பற்றவைக்கும் முன் குழாய் வெளிக்காற்றைவிட 5 டிகிரிதான் கூடுதல் சூடு என்றால் இழுப்பு 1 பாஸ்கல்கூட இருக்காது. விடியற்காலையில் தணல் மட்டும் மிஞ்சி, குழாய்க்குள் சூடு 60 டிகிரிக்கு இறங்கியிருக்கும்போது சுமார் 7 பாஸ்கல். தீ கொழுந்துவிட்டு எரியும்போது குழாய் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். பற்றவைக்கும் நேரமும் தணலாகும் நேரமும்தான் காற்றிடம் தோற்கும் நேரங்கள். பற்றவைக்கும்போது புகை திரும்பினால் கண் எரியும், சன்னலைத் திறப்போம், அவ்வளவுதான். தணலில் புகையே தெரியாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வருவது தணலில் இருந்துதான். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அந்நேரம் வீட்டில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருப்பார்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கரியடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. புகை திரும்பும் கணப்பு உள்ள அறையும் அதே கரியடுப்பு அறையாக மாறக்கூடியதுதான். இதை வெறும் கண்ணெரிச்சல் தொல்லையாகப் பார்க்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

எந்த வகைத் திரும்பல் என்று முதலில் பாருங்கள்

காற்றால் புகை திரும்புவது இரண்டு விதம். ஒன்று, காற்று கூரை முகட்டையோ மரத்தையோ மேட்டையோ தாண்டி வந்து சுழன்று குழாயின் வாய்க்குள் மேலிருந்து விழுவது. இதில் புகை குபுக்குபுக்கென்று வரும், ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு தடவை. மற்றது, வீட்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளியைவிடக் குறைந்துபோவது. காற்று மோதும் பக்கத்துச் சன்னல்களையெல்லாம் குளிருக்குப் பயந்து மூடிவிட்டு, மறைவான பக்கத்தில் ஒரு சன்னலைத் திறந்து வைத்திருப்போம். மறைவான பக்கத்தில் காற்று வீட்டை உறிஞ்சும். 36 கிலோமீட்டர் காற்றில் அந்த உறிஞ்சல் 10 முதல் 15 பாஸ்கல் வரை போகும். வீட்டுக்குக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். இருப்பதில் பெரிய ஓட்டை சிம்னிதான். இதில் புகை விட்டுவிட்டு வராது, நிதானமாக, நிற்காமல் வரும்.

கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். பலமாகக் காற்றடிக்கும் ஒரு நாளில், கணப்பு ஆறிக் கிடக்கும்போது, அதன் கதவை நாலு விரல் அளவு திறந்து கீழ் ஓரத்தில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை இழை உள்ளே வளைந்து போனால் குழாய் இழுக்கிறது. உங்கள் முகத்தை நோக்கிச் சாய்ந்து அப்படியே நின்றால் வீடு உறிஞ்சுகிறது. இரண்டு பக்கமும் ஆடி ஆடித் திரும்பினால் மேலே காற்று விழுகிறது. சாய்ந்து நிற்கும்போதே ஒருவரை மறைவான பக்கத்துச் சன்னலை மூடச் சொல்லுங்கள். அடுத்து மேல்காற்று மோதும் பக்கத்துச் சன்னலை ஒரு விரற்கடை திறக்கச் சொல்லுங்கள். இழை மெல்லத் தயங்கி, நேராகி, கணப்புக்குள் திரும்பிப் போவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். அப்படிப் போனால் உங்களுக்குத் தொப்பியே தேவையில்லை. இவ்வளவு மலிவான சோதனையை யாரும் செய்து பார்க்காமல் கூரையில் ஆளை ஏற்றுகிறார்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

கூரை வழியா, சுவர் வழியா, சன்னல் வழியா

சன்னல் வழியை முதலில் முடித்துவிடுகிறேன். கண்ணாடி ஒன்றைக் கழற்றித் தகரம் அடைத்து, அதில் ஓட்டை போட்டுக் குழாயைப் பக்கவாட்டில் நீட்டி, வெளியே ஒரு முழங்கை வளைவோடு நிறுத்துவது இங்கே பல தங்கும் விடுதிகளில் இருக்கிறது. இதற்கு உயரமே இல்லை, ஆகவே இழுப்பும் இல்லை. அந்தச் சுவர் காற்று மோதும் பக்கமாக இருந்தால் 30 பாஸ்கல் நேராகக் குழாய்க்குள் நுழையும். ஊதுகுழலை அடுப்புக்குள் விட்டு ஊதுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை, ஊதுவது காற்று என்பதைத் தவிர. மறைவான பக்கத்தில் வைத்திருக்கிறோம் என்று சொல்வார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அது மறைவுதான். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கினால் அதே சுவர் காற்றின் முகத்தில் இருக்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாக வரும் என்பதால் அங்கே மறைவு என்று எதையும் நம்ப முடியாது. மலிவு என்பதற்காகக்கூட இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

கூரை வழியாக நேரே மேலே விடுவதுதான் சிறந்தது. இதில் குழாயின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. வீட்டின் சூடு அதைச் சூடாகவே வைத்திருக்கும். அதனால் பற்றவைத்த சில நிமிடங்களில் இழுக்கத் தொடங்கிவிடும், தணலாகும்போதும் சட்டென்று ஆறாது. வளைவு இல்லாததால் இழுப்பு வீணாவதில்லை, மேலிருந்து தூரிகை விட்டுத் துலக்கவும் எளிது. குறை என்னவென்றால் கூரையில் ஓட்டை போட வேண்டும். நீலகிரி மழையில் அந்த ஓட்டை ஒழுகினால் வீட்டில் நிம்மதி போய்விடும். மங்களூர் ஓட்டுக் கூரையாக இருந்தால் இன்னொரு கவலை, ஓட்டுக்கு அடியில் இருக்கும் மரச்சட்டமும் ரீப்பரும். ஒற்றைத் தகட்டுக் குழாய் என்றால் எரியக்கூடிய எதிலிருந்தும் 18 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். கூரையைத் துளைக்கும் இடத்தில் அத்தனை இடம் கிடைக்காது. ஆகவே உச்சவரம்புக்குக் கீழிருந்தே இரட்டைத் தகடு போட்டு நடுவில் செராமிக் வூல் என்ற சூடு தாங்கும் பஞ்சு அடைத்த காப்புக் குழாய்க்கு மாற வேண்டும். புகைபோக்கிக்கென்றே தயாரித்த காப்புக் குழாய்க்கும் 2 அங்குலக் காற்றிடைவெளி பொதுவாக வேண்டும். அந்த இடைவெளியில் பஞ்சையோ துணியையோ அடைக்கக் கூடாது. பட்டறையில் அடித்த குழாய்க்கு இதைவிடத் தாராளமாக இடம் விடுங்கள்.

சுவரைத் துளைத்து வெளியே எடுத்து, வெளிச்சுவரை ஒட்டி மேலே ஏற்றுவது நடுவழி. கூரையைத் தொட வேண்டாம், கொத்தனாருக்கு வேலை சுலபம், வாடகை வீட்டுக்காரரும் சம்மதிப்பார். ஆனால் குழாய் முழுக்க வெளிக்குளிரில் நிற்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவில் அந்தக் குழாய்க்குள் இருக்கும் குளிர்ந்த காற்று கனமாகக் கீழே இறங்கிவரும், காற்றடிக்காவிட்டாலும். அப்போது பற்றவைத்தால் முதல் புகை அறைக்குத்தான். இந்த வழியை எடுத்தால் காப்புக் குழாய் கட்டாயம். சுவரில் இரண்டு 90 டிகிரி வளைவு வைப்பதற்குப் பதில் வெளியே T வடிவ இணைப்பு ஒன்று வையுங்கள். அதன் அடியில் திறந்து மூடும் மூடி இருந்தால் அங்கே விழும் கரியை அள்ளலாம். பற்றவைக்கும் முன் அதே மூடியைத் திறந்து செய்தித்தாள் ஒன்றைக் கொளுத்திக் குழாயைச் சூடேற்றி, மூடியை இறுக்கிவிடலாம். படுத்துப் போகும் பகுதி 1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதுவும் கணப்பிலிருந்து வெளியே போகப் போகச் சற்றே மேல்நோக்கி ஏற வேண்டும்.

எந்த வழியானாலும் குழாய்த் துண்டுகளைப் பொருத்தும்போது மேல் குழாயின் முனை கீழ்க் குழாய்க்குள் இறங்கும்படி இருக்கட்டும். மழைக்குழாய் போடும் பழக்கத்தில் இதைச் சரியாகச் செய்பவர்கள்கூடப் புகைக்குழாய் என்றதும் புகை மேலேதானே போகிறது என்று தலைகீழாக மாட்டுவது உண்டு. அப்படி மாட்டினால் தார் போன்ற கறுப்புத் திரவம் இணைப்பில் ஒழுகிச் சுவரை நாசமாக்கும்.

முனை எங்கே நிற்க வேண்டும்

அமெரிக்காவில் புகைபோக்கிகளுக்குப் பின்பற்றும் அளவு இங்கேயும் உதவும். குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம், கிடைமட்டத்தில் 10 அடிக்குள் இருக்கும் எதையும்விடக் குறைந்தது 2 அடி உயரம். முகடு 10 அடிக்குள் இருந்தால் முனை முகட்டையும் தாண்ட வேண்டும் என்பதுதான் இதன் பொருள். குழாயை முகட்டுக்குப் பக்கத்தில் துளைத்தால் வெளியே நீளும் பகுதி குறையும், குளிரும் குறையும், முகட்டைத் தாண்டுவதும் எளிது. கூரைக்கு மேல் 5 அடிக்குக் கூடுதலாக நின்றால் இழுகம்பி கட்டியே ஆக வேண்டும்.

இந்த அளவு சமதரை வீட்டுக்குப் போதும். நம் வீடுகள் சரிவை வெட்டித் தளம் போட்டுக் கட்டியவை. வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவர், அதற்கு மேல் அடுத்த வீடு, அதற்கும் மேல் கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்). மேல்காற்று அந்த மேட்டைத் தாண்டிக் கீழே உருண்டு வரும் இடத்தில் வீடு இருந்தால், குழாயை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்துவது வீண். மேட்டுக்குப் பின்னால் சுழல் அந்த மேட்டின் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரம் பரவும். அங்கே குழாயை மேட்டுப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுவதுதான் உதவும். அதோடு பின்னால் சொல்லப்போகும் தடுப்புத் தொப்பி. மாறாக, பள்ளத்தாக்கைப் பார்த்த விளிம்பில் வீடு இருந்தால் காற்று கீழிருந்து ஏறி வரும். அங்கே முகட்டைத் தாண்டிய குழாய்க்குக் காற்றே உதவி செய்யும், கூரைக்கு மேல் போகும் காற்று புகையை உறிஞ்சும். ஒரே தெருவில் மேல் வரிசைக்கு ஒத்து வந்தது கீழ் வரிசைக்கு ஒத்து வராமல் போவதற்கு இதுதான் காரணம். பக்கத்து வீட்டுக் குழாயைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டாம்.

பழைய பங்களாக் கணப்பு

ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேய ஆட்சியர் சல்லிவன் காலம் தொட்டு அங்கே கட்டிய பங்களாக்களில் செங்கல் புகைக்கூண்டு உறுதியாக நிற்கிறது. ஆனால் அதன் உள்வாய் பெரிய திறந்த கணப்புக்காகக் கட்டியது. அதில் சிறிய இரும்புக் கணப்பை வைத்துக் குழாயை ஒரு முழம் மட்டும் கூண்டுக்குள் நீட்டிவிட்டால், புகை அந்தப் பெரிய வெற்றிடத்தில் ஆறிப்போகும். இழுப்பும் போகும், கரியும் கட்டியாகப் பிடிக்கும். கணப்பின் வாய் 6 அங்குலம் என்றால் அதே 6 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை அடியிலிருந்து உச்சிவரை கூண்டுக்குள் இறக்கி, மேலே இடைவெளியை மூடிவிடுவதே சரி. ஏற்கெனவே கூரைக்கு மேல் நல்ல உயரத்தில் கூண்டு இருப்பதால், இதைவிட நல்ல வழி புது வீட்டுக்காரருக்குக்கூடக் கிடைக்காது.

ஒரே கூண்டில் இரண்டு அறைகளின் புகைவழி ஒட்டி ஒட்டி இருந்தால் ஒன்றிலிருந்து வெளிவந்த புகை காற்றில் படுத்து மற்றதன் வழியே அடுத்த அறைக்குள் இறங்கும். எரியாத அறையில் புகை நாற்றம் வந்தால் இதுதான். பயன்படுத்தாத வழியை மேலே மூடுங்கள், இரண்டையும் பயன்படுத்தினால் ஒன்றின் முனையை மற்றதைவிட உயர்த்துங்கள்.

சரி, தொப்பிக்கு வருவோம்

கூம்புத் தொப்பி மழைக்கு மட்டும்தான். கிடையாகக் காற்று வந்தால் பாதகமில்லை. மேலிருந்து சாய்ந்தோ கீழிருந்து ஏறியோ வந்தால் அதுவே காற்றைக் குழாய்க்குள் திருப்பிவிடும். தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் இடையே குழாயின் விட்டத்தில் பாதியாவது இடைவெளி இருக்கட்டும். மழைக்குப் பயந்து நெருக்கமாக வைத்தால் தார் படிந்து வாய் அடைந்துவிடும்.

குழாயின் தலையில் படுக்கையாக ஒரு குழாய், அதன் இரு முனையிலும் மேலும் கீழும் திறந்த இரண்டு நிற்கும் குழாய்கள் என்று பட்டறையில் அடிப்பது ஒன்று உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்தாலும், மேலிருந்து விழுந்தாலும், நிற்கும் குழாயின் ஒரு வாயில் நுழைந்து மறு வாயில் போய்விடும். புகைவழியின் வாய் நடுவில் மறைவாக இருக்கும். நகரும் பாகம் எதுவும் இல்லை, நம்மூர்ப் பட்டறையிலேயே செய்ய முடியும். மேடு பின்னால் இருக்கும் வீட்டுக்கு இது நல்ல தீர்வு. ஆனால் வளைவு கூடுவதால் காற்றில்லாத நாளில் இழுப்பு கொஞ்சம் குறையும். படுக்கைக் குழாயில் கரி சேரும், தூரிகை உள்ளே திரும்பாது, கழற்றித்தான் துலக்க வேண்டும். ஏற்கெனவே உயரம் குறைந்த குழாயில் இதை மாட்டினால் இருந்த இழுப்பும் போய்விடும்.

ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் வைத்து, காற்று வீசும்போது நடுவில் உறிஞ்சல் உண்டாகும்படி செய்த நிலையான தொப்பிகள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. விலை கூடுதல். காற்றின் பலத்தையே இழுப்பாக மாற்றுவதால், பலமான காற்று தொடர்ந்து வீசும் இடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வாலோடு சுழன்று காற்றுக்கு முதுகைக் காட்டும் தொப்பி பார்க்க அழகு. புதிதாக இருக்கும்போது நன்றாகவே வேலை செய்யும். எரிவாயுக் கணப்புக்குப் பரவாயில்லை, மரத்துக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. மர எரிப்பில் வரும் தார் அச்சில் ஒட்டி இறுகும். ஆவணியில் மேற்குக்கு முதுகு காட்டியபடி இறுகிப்போனால், ஐப்பசியில் வாடைக்காற்றுக்கு வாயைத் திறந்து நிற்கும். காற்று வருடத்துக்கு இரண்டு தடவை திசை மாறும் ஊரில் இது சிறிய குறை அல்ல. அதையேதான் வாங்குவேன் என்றால், ஒவ்வொரு பருவத்துக்கும் முன் ஆளை ஏற்றிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைக் கூரைகளில் சுழலும் உருண்டை வென்டிலேட்டரைப் புகைக்குழாயில் மாட்டுவது தவறு. மெல்லிய அலுமினியம் அந்தச் சூட்டுக்கும் தாருக்கும் செய்ததல்ல.

இவை எல்லாமே காற்று மேலிருந்து விழும் திரும்பலுக்குத்தான் மருந்து. வீடு உறிஞ்சுவதால் வரும் திரும்பலுக்கோ, உயரமான சுவரை ஒட்டிக் குழாய் முனை அழுத்தத்தில் சிக்கியிருப்பதற்கோ எந்தத் தொப்பியாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இதைச் சொல்லாமல் விற்பவர்கள் அதிகம்.

வீட்டுக்குள் வரும் காற்று

ஓட்டு வீட்டுக்குக் காற்றுப் பஞ்சம் இல்லை, ஓட்டுச் சந்தெல்லாம் காற்றுதான். கான்கிரீட் கூரையும் இறுக்கமாக மூடும் யுபிவிசி பிளாஸ்டிக் சன்னலும் போட்ட புது வீட்டில்தான் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல் சமையலறையில் மாட்டும் மின் சிம்னி. மணிக்கு 1,000 கன மீட்டருக்கு மேல் உறிஞ்சும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். வீட்டுக் கணப்பு எரிய மணிக்கு 50 கன மீட்டர் காற்றே தாராளம். அடைத்த வீட்டில் இரண்டும் ஓடினால் எது வெல்லும் என்று கேட்கவே வேண்டாம். கூடத்தில் கணப்பு எரியும்போது சமையலறைக் கதவை மூடி, அங்கே ஒரு சன்னலைத் திறந்துவிட்டுத்தான் மின் சிம்னியைப் போட வேண்டும். குளியலறை வெளியேற்று விசிறிக்கும் இதே கதை, அளவில் சிறிது.

வெளிக்காற்றை நேராகக் கணப்பின் அடிக்கு ஒரு குழாயில் கொண்டுவரும் ஏற்பாடும் விற்கிறார்கள். குளிர்காற்று அறைக்குள் வராது என்பது அதன் நன்மை. ஆனால் அந்தக் குழாய் காற்று மறைவான சுவரில் முடிந்தால், வெளியே இருக்கும் உறிஞ்சல் கணப்புக்குள் இருக்கும் சூட்டையும் புகையையும் அந்தக் குழாய் வழியே பின்னோக்கி இழுக்கலாம். பிளாஸ்டிக் குழாய் என்றால் தீப்பிடிக்கவும் கூடும். அதனால் நேரடி இணைப்பைவிட, கணப்புக்குப் பக்கத்தில் சுவரின் அடியில் 4 அங்குல ஓட்டை, வலை, மூடும் தகடு போதும் என்பேன். முடிந்தால் எதிரெதிர் சுவர்களில் ஒவ்வொன்று போட்டு, மேல்காற்றுக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று என்று காற்று மோதும் பக்கத்தை மட்டும் திறந்து வைக்கலாம். நேரடி இணைப்புதான் வேண்டும் என்றால் உலோகக் குழாய் போடுங்கள், அதன் வெளிவாய் கணப்பின் எரியறையைவிட உயரத்தில் இருக்கக் கூடாது.

குழாய் உச்சியில் மின்விசிறி வைத்து இழுக்கும் கருவியும் இருக்கிறது. வேலை செய்யும். ஆனால் பலத்த காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போகும் அதே நாளில்தான் அது தேவைப்படும். மாற்று மின்சாரம் உறுதியாக இருக்கும் விடுதிக்குச் சரி, வீட்டுக்கு வேண்டாம்.

விறகும் இரவும்

ஈர விறகு புகையைக் குளிரவைக்கும், இழுப்பைக் குறைக்கும். சீகையோ (வாட்டில் மரம்) கற்பூர மரமோ, பிளந்து மழை படாத இடத்தில் காற்றோட்டமாக அடுக்கி ஒரு கோடையாவது தாண்டியிருக்க வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் மேல்காற்றில் எரிக்கத் தகுதி.

பலத்த காற்று நாளில் இரவு முழுக்கப் புகையட்டும் என்று பெரிய கட்டையைப் போட்டுக் காற்றுத் துளையை இறுக்கி மூடிவிட்டுப் படுப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சூடும் குறைந்து, இழுப்பும் குறைந்து, தணலும் நீண்டு கிடக்கும். சிறு துண்டுகளாகப் போட்டு நன்றாக எரியவிட்டு, படுக்கும் முன் தீயை முடித்துவிடுங்கள். அள்ளிய சாம்பலை உடனே வெளியே வையுங்கள், அதில் ஒளிந்திருக்கும் கங்கும் அதே வாயுவைத்தான் விடும்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று கணப்பு அறையிலும் ஒன்று படுக்கையறையிலும் இருந்தே தீர வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் செய்தவை 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவு 60 முதல் 90 நிமிடம் நீடித்தாலும், 300 பிபிஎம் வந்தால் 3 நிமிடத்துக்குள்ளும் கூவும். சாதாரணப் புகை எச்சரிக்கைக் கருவி இதற்கு உதவாது. தலைவலி, குமட்டல், வெளியே போனால் தெளிவது என்று இருந்தால் கருவி கூவும்வரை காத்திருக்காமல் எல்லோரையும் வெளியே அழைத்துப் போங்கள்.

என் தேர்வு

சரிவின் விளிம்பில், மேல்காற்று நேராக வரும் ஓட்டு வீடு என்றால்: முகட்டுக்குப் பக்கத்தில் கூரை வழியாக நேர்க்குழாய், மொத்தம் 6 மீட்டர், சாதாரண மழைத்தொப்பி. அதற்கு மேல் செலவு தேவைப்படாது.

மேட்டுக்கு அடியில் இருக்கும் வீட்டுக்கு: அதே நேர்க்குழாய், மேட்டிலிருந்து விலகிய பக்கத்தில். தலையில் வளையத் தொப்பி, அதன் விலை கட்டுப்படியாகாவிட்டால் பட்டறையில் அடித்த இரட்டை நிற்குழாய்த் தொப்பி. கற்பூர மரக் கிளை 10 அடிக்குள் இருந்தால் அதை வெட்ட முறைப்படி அனுமதி வாங்குங்கள்.

கான்கிரீட் மாடி வீட்டில், மேலே இன்னொரு குடித்தனம் இருந்து கூரையைத் தொடவே முடியாது என்றால் காப்புக் குழாயை வெளிச்சுவரில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஏற்றலாம், மாடிக்காரரின் சன்னலிலிருந்து தள்ளி. அதற்கும் இடமில்லாவிட்டால் மரக் கணப்பையே விட்டுவிடுங்கள். எண்ணெய் நிரப்பிய மின் கணப்பு கரண்ட் தின்னும், ஆனால் புகை திரும்பாது. சன்னல் வழிக் குழாய்க்கு இறங்கிவராதீர்கள்.

கூரை வேலையை மாசி, பங்குனியில் முடித்துவிட்டால் ஓட்டுச் சந்தில் பூசியது காய நேரம் கிடைக்கும், ஆளும் கிடைப்பார்கள். ஆனியில் முதல் பலத்த காற்று வரும் நாளில் விறகு வைக்காமல் ஊதுபத்திச் சோதனையைச் செய்யுங்கள், ஐப்பசியில் வாடை தொடங்கும்போது மறுபடி ஒருமுறை. இரண்டு காற்றிலும் இழை குழாயை நோக்கிப் போனால் தொப்பிக்கு ஒதுக்கிய பணத்தை எச்சரிக்கைக் கருவிக்கும் உலர்ந்த விறகுக்கும் செலவிடலாம்.